பகைவனின் முகம் தெரிந்தது
குழந்தைகளின் மூளைத் தண்டுக் கட்டியைக் குறித்து ஒரு பாடம்



1969 ஜூலை மாதம் நிலவில் முதன்முதலாகக் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கை அறியாதவர் நம்மில் இல்லை. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருடைய வீட்டில் நடந்ததை அறிந்தவர்கள் குறைவு. அவருக்குக் கேரன் என்று ஒரு சிறு மகள் இருந்தாள். 1961ஆம் ஆண்டில் அவளுடைய மூளைத் தண்டில் கட்டி இருப்பது தெரியவந்தது. ரேடியேஷன் கொடுத்தார்கள். சில காலம் தேறினாள். பிறகு மறுபடியும் தளர்ந்தாள். 1962 ஜனவரி 28ஆம் தேதி, மூன்று வயதுகூட நிறையாத அந்தப் பிள்ளை கண் மூடினாள்.

இன்று ஒரு பிள்ளைக்கு அதே கட்டி கண்டறியப்பட்டால் முதலில் கொடுக்கப்படுவது என்ன? அதே ரேடியேஷன்தான். கருவிகள் நுட்பமாகிவிட்டன, ஆனால் முடிவு பெரிதாக மாறவில்லை. மனிதன் நிலவுக்குப் போய்த் திரும்பி அரை நூற்றாண்டு கடந்த பிறகும், ஒரு சிறு பிள்ளையின் தலைக்குள் இருக்கும் இரண்டரை சென்டிமீட்டர் இடத்துக்குள் அவனால் சரியாகப் போய்வர முடியவில்லை.

ஏன் இத்தனை ஆண்டுகள் ஒன்றும் நகரவில்லை? கடந்த பதினைந்து ஆண்டுகளில் நகரத் தொடங்கியது என்ன? அதை நகர்த்தியவர்கள் யார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே இந்தப் பாடம். நாங்கள் டாக்டர்கள் அல்ல. படுக்கையருகே உட்கார்ந்து பெற்றோர் கேட்பதைக் காதில் வாங்குகிறவர்கள். ஆகவே அவர்கள் கேட்கும் வரிசையிலேயே சொல்லிப்போகிறோம்.

1. "ஏன் ஆபரேஷன் செய்யக்கூடாது?"

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

மூளையின் அடிப்பாகத்தில், முதுகுத் தண்டுக்குச் சற்று மேலே, பான்ஸ் என்ற ஒரு பகுதி உண்டு. லத்தீன் மொழியில் பான்ஸ் என்றால் பாலம். பெயருக்கு ஏற்றபடி அது பாலமேதான். மூளை கைகால்களுக்கு அனுப்பும் கட்டளைகள் யாவும் அதன் வழியாகவே இறங்குகின்றன. கண்ணைத் திருப்புவதற்கும், முகத்தை அசைப்பதற்கும் வேண்டிய நரம்புகள் அங்கிருந்து புறப்படுகின்றன. மூச்சை ஒழுங்குபடுத்தும் வேலையிலும் அதற்குப் பங்குண்டு.

அந்தப் பாலத்துக்குள் தோன்றும் கட்டியை டிஃப்யூஸ் இன்ட்ரின்சிக் பான்டைன் கிளையோமா என்பார்கள், சுருக்கமாக டி.ஐ.பி.ஜி. பெரும்பாலும் 5 வயதுக்கும் 10 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு வருகிறது. ஒரு கண் உள்நோக்கித் திரும்புகிறது, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன, முகம் ஒரு பக்கம் கோணுகிறது, நடை தள்ளாடுகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. இவையெல்லாம் சில வாரங்களுக்குள்ளேயே வந்துவிடும்.

இது உருண்டையாகத் திரண்டு நிற்கும் கட்டி அல்ல. நல்ல நரம்பு இழைகளுக்கு இடையில் புகுந்து பரவுவது. பிசைந்த மாவிலிருந்து உப்பைத் தனியே பிரித்தெடுக்க முடியுமா? அவ்வாறே இந்தக் கட்டியையும் கத்தியால் பிரித்தெடுக்க முடியாது. கட்டியை வெட்டினால் பாலமும் போய்விடும்.

எனவே ரேடியேஷன் ஒன்றே வழியாயிற்று. வழக்கமாக 6 வாரங்களில் 30 தடவை கொடுக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் தேறுகிறார்கள். மறுபடி நடக்கிறார்கள், சிரிக்கிறார்கள். சில மாதங்களுக்குப் பிறகு கட்டி திரும்பி வருகிறது. கண்டறியப்பட்ட நாளிலிருந்து 11 மாதங்கள் ஆவதற்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள். 2 ஆண்டுகளைத் தாண்டுகிறவர்கள் பத்தில் ஒருவர்.

இந்த எண்களை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் உண்மையை மறைத்து எழுதினால், பின்னால் சொல்லப்போகும் நம்பிக்கையின் அளவு உங்களுக்கு விளங்காது.

2. "வேறு மருந்தே இல்லையா?"

மருந்துகள் கொடுத்துப் பார்க்கப்படாமல் இல்லை. பல பத்தாண்டுகளாகப் பல கீமோதெரபி மருந்துகளைச் சோதித்தார்கள். அவற்றில் எதுவும் ரேடியேஷனை மிஞ்சிப் பலன் தரவில்லை. பெரியவர்களின் மூளைக் கட்டிக்கு 2005 முதல் வழக்கத்துக்கு வந்த டெமோசோலோமைடு என்ற மருந்தையும் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் உதவவில்லை.

காரணம் என்ன? இந்தக் கட்டியின் ஒரு துணுக்கைக்கூட யாரும் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தபின், படத்தைப் பார்த்தே இந்த நோயை நிச்சயித்துவிட முடிந்தது. அப்படியிருக்க, பாலத்துக்குள் ஊசியைச் செலுத்தித் துணுக்கு எடுப்பானேன்? பிள்ளைக்கு ஆபத்து, அதனால் சிகிச்சையும் மாறப்போவதில்லை. ஆகவே 1990களில் பயாப்சி செய்வதை டாக்டர்கள் ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். அது இரக்கத்தினால் எடுத்த முடிவு. அதில் குற்றம் காண முடியாது.

ஆனால் அந்த இரக்கத்துக்கும் ஒரு விலை இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்துப் பார்க்க ஒன்றும் கிடைக்கவில்லை. பெரியவர்களின் கட்டியைப் போலவே தோன்றுகிறது, ஆகவே அதே மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்ற ஊகத்தின் மேலேயே சிகிச்சை நடந்தது. பகைவனின் முகத்தைக் காணாமல் இருட்டில் கம்பு வீசியதைப் போல் ஆயிற்று. வீசிய அடிகள் பல நேரம் பிள்ளைகள்மேலேயே விழுந்தன.

3. கதவைத் திறந்தவர்கள்

இந்த இருட்டு இரண்டு வழிகளில் விலகியது.

முதலாவது, பிரான்ஸ் தேசத்தில், பாரிஸ் நகரத்து நெக்கர் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள், கணினியால் வழிகாட்டப்பட்ட நுண்ணிய ஊசியைக் கொண்டு இந்தக் கட்டியிலிருந்து துணுக்கு எடுக்கத் துணிந்தார்கள். 2007இல் 24 பிள்ளைகளைக் குறித்த அறிக்கையை வெளியிட்டார்கள். ஒருவரும் அதனால் உயிரிழக்கவில்லை. தேர்ந்த கைகளில் இது செய்யக்கூடியதே என்பது தெரிந்தது.

இரண்டாவது வழி இன்னும் கடினமானது. அதைத் திறந்தவர்கள் பிள்ளையை இழந்த பெற்றோர்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மிஷெல் மாஞ்ஜே என்ற நரம்பியல் மருத்துவர் இந்த நோயை ஆராய முற்பட்டபோது, வளர்த்துப் பார்க்கக் கட்டியின் உயிரணுக்கள் கிடைப்பது மிகவும் அரிதாயிருந்தது. பிள்ளை இறந்த சில மணி நேரத்துக்குள் கட்டியை எடுத்தால், அதிலுள்ள உயிரணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வாழவைக்கலாம். அதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அவர்கள் சம்மதித்தார்கள். அப்படி ஒரு சிறு பையனின் கட்டியிலிருந்து வளர்த்த உயிரணுக்களைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளியாயிற்று. பின்னர் பல நாடுகளிலும் குடும்பங்கள் இந்தக் கொடையைக் கொடுத்தன. ஓரிடத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்கள் மற்ற ஆய்வுக்கூடங்களுக்கும் பகிர்ந்து அனுப்பப்பட்டன.

பங்காளர்களே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். அந்தப் பெற்றோருக்கு இதனால் என்ன லாபம்? அவர்களுடைய பிள்ளை இனித் திரும்பி வரப்போவதில்லை. இந்தக் கொடையினால் பிழைக்கப்போகிற பிள்ளை யார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் கொடுத்தார்கள்.

4. கண்டது என்ன? ஒரே ஓர் எழுத்துப் பிழை

2012இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே செய்தியைச் சொன்னார்கள். ஒன்று, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையைச் சேர்ந்தது. மற்றொன்று, கனடாவின் மான்ட்ரியல் நகரத்து டாக்டர் நாடா ஜபாடோவும் ஜெர்மானிய ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தியது.

அவர்கள் கண்டதை எளிமையாக விளக்க முயல்கிறோம். நம் உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்ற இழை ஏறக்குறைய 2 மீட்டர் நீளத்துக்கு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சின்ன அறைக்குள் அவ்வளவு நீள இழை எப்படி அடங்குகிறது? நூலைக் கட்டையில் சுற்றுவதுபோல், ஹிஸ்டோன் என்ற புரதக் கட்டைகளில் அது சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. கட்டைகளில் சிறு வால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வால்களில் வைக்கப்படும் குறிகள், இந்தப் பகுதியை இப்பொழுது திறக்காதே, பூட்டி வை என்று உயிரணுவுக்குச் சொல்லும். குழந்தையின் உயிரணு வளர்ந்து முதிரும்போது, இனி வேண்டாத கட்டளைகளைப் பூட்டி வைப்பது இப்படித்தான்.

டி.ஐ.பி.ஜி. கட்டிகளில் ஏறக்குறைய 100க்கு 80இல், எச்-3 என்னும் ஹிஸ்டோனின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் வாலின் 27ஆவது இடத்தில் லைசின் இருக்கவேண்டியதற்குப் பதிலாக மெத்தியோனின் வந்து உட்கார்ந்துவிட்டது. குறி வைக்கப்படும் இடமே அதுதான்!

இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. எச்-3 புரதத்தைச் செய்யும் மரபணுக்கள் உயிரணுவில் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் கெட்டது, மற்றவை நல்லவை. ஆனாலும் அந்தக் கெட்ட ஒன்று, குறி வைக்கும் கருவியையே செயலற்றதாக்கிவிடுகிறது. நல்ல கட்டைகளிலும் குறி விழுவதில்லை. பூட்டவேண்டிய கதவுகள் திறந்தே கிடக்கின்றன. உயிரணு முதிராமல், இளமையிலேயே நின்று பெருகிக்கொண்டே போகிறது.

ஹிஸ்டோனிலேயே ஏற்படும் பிழை மனிதரில் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்பது அதுவரை யாருக்கும் தெரியாதது. பெரியவர்களின் சாதாரண மூளைக் கட்டிகளில் இந்தப் பிழை இருப்பதில்லை. இரண்டும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோல் தெரிந்தன. உள்ளே வெவ்வேறு வியாதிகள். அவர்களின் மருந்து இவர்களுக்கு ஏன் உதவவில்லை என்பது அப்போது ஓரளவு விளங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் இந்தப் பிழையின் பெயராலேயே இந்தக் கட்டிக்குப் புதுப் பெயர் வைத்தது.

5. "நாங்கள் என்ன தவறு செய்தோம்?"

இந்தக் கேள்வியைப் பெற்றோர் டாக்டரிடம் கேட்பது அபூர்வம். இரவில், பிள்ளை தூங்கிய பின், எங்களிடம் கேட்பார்கள். கர்ப்பமாயிருந்தபோது சாப்பிட்ட மாத்திரையா? ஒருநாள் கீழே விழுந்தானே, அதுவா? கண் மாறியதை ஒரு வாரம் கவனிக்காமல் விட்டதா? யார் செய்த பாவம் என்று கேட்கும் கேள்வி மிகப் பழையது. அக்கம்பக்கத்தாரும் அதைக் கேட்கத் தயங்குவதில்லை.

மருந்து வருவதற்கு முன்பே இந்த ஆராய்ச்சி ஒரு விடையைத் தந்துவிட்டது. இந்த எழுத்துப் பிழை தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்தது அல்ல. பிள்ளையின் மூளையில் ஓர் உயிரணு பிரியும்போது அங்கேயே நேர்ந்தது. உடலின் மற்ற உயிரணுக்களில் அது இல்லை. பெற்றோர் செய்ததோ செய்யாமல் விட்டதோ இதற்குக் காரணம் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை.

இதை ஒரு தாயிடம் உறுதியாகச் சொல்ல முடிவது சிறிய காரியம் அல்ல. முன்பு ஆறுதலுக்காகச் சொன்னதை இப்போது அறிந்து சொல்லுகிறோம்.

6. அறிவு மருந்தாகும் வழி நீளமானது

முகம் தெரிந்துவிட்டது. இனிப் பகைவன் தோற்றுவிடுவானா? அவசரப்படக்கூடாது.

2015இல், கொடையாகக் கிடைத்த உயிரணுக்களின்மேல் பல மருந்துகளைச் சோதித்ததில், பானோபினோஸ்டாட் என்ற மருந்து நல்ல பலனைக் காட்டியது. ஆனால் பாத்திரத்தில் வெல்வது வேறு, பிள்ளையின் மூளையில் வெல்வது வேறு. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. நஞ்சு மூளைக்குள் போகாதபடி காப்பது அது. மருந்தையும் நுழைய விடுவதில்லை. இந்த மருந்து போதுமான அளவு உள்ளே போய்ச் சேரவில்லை.

அடுத்த வழி, பிள்ளையின் சொந்த இரத்தத்திலுள்ள டி-அணுக்களைக் காவலர்களாகப் பயிற்றுவிப்பது. இந்தக் கட்டியின் உயிரணுக்கள் தங்கள் மேற்பரப்பில் ஜி.டி.-2 என்ற பொருளை மிகுதியாகக் கொண்டிருப்பதை, ஸ்டான்ஃபோர்டு குழுவினர் 2018இல் தெரிவித்தார்கள். டி-அணுக்களை வெளியே எடுத்து, அந்த அடையாளத்தைக் கண்டுபிடிக்கும்படி மாற்றி, மறுபடியும் உடலுக்குள் செலுத்துகிறார்கள். இதற்குக் கார்-டி சிகிச்சை என்று பெயர். 2024இல் 11 பிள்ளைகளும் இளைஞர்களும் இதைப் பெற்ற விவரம் வெளிவந்தது. 4 பேருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. அவர்களில் ஒருவருக்கு முற்றிலும் மறைந்து, 30 மாதங்களுக்கு மேலாகியும் திரும்பவில்லை. அதே சமயத்தில் ஆபத்தும் உண்டு. காவலர்கள் தாக்கும்போது கட்டி வீங்கும். பாலத்துக்குள் வீக்கம் வந்தால் உயிருக்கே மோசம். ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, மிகுந்த எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, டோர்டாவிப்ரோன் என்ற வாய்வழி மருந்து. 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இந்த எழுத்துப் பிழை உள்ள கட்டி சிகிச்சைக்குப் பின்னும் வளர்ந்தால், ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அனுமதி அளித்தது. இந்தப் பிழைக்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து இதுவே. செய்தி வந்தபோது பல குடும்பங்கள் கண்ணீர் விட்டிருக்கும். ஆனால் நிதானமாகப் படியுங்கள். அனுமதிக்கு ஆதாரமான 50 பேரில் கட்டி சுருங்கியது 100க்கு 22 பேருக்கு. அந்த 50 பேரும் மூளையின் வேறு நடுப்பகுதிகளில் கட்டி உள்ளவர்கள். பாலத்தில் கட்டி உள்ளவர்கள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. இந்த அனுமதியும் மேற்கொண்டு வரும் ஆய்வுகளால் உறுதிப்பட வேண்டிய துரித அனுமதியே. புதிதாக நோய் கண்டவர்களிடம் இதைச் சோதிக்கும் பெரிய ஆய்வு பல நாடுகளில் தொடங்கப்பட்டது.

ஆகவே யாராவது உங்களிடம் வந்து, டி.ஐ.பி.ஜி.க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாமே என்று கேட்டால், ஆம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். வழி தெரிந்துவிட்டது; ஊர் இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள்.

7. கேட்பதிலும் ஒரு முறை உண்டு

ஆராய்ச்சிக்காகக் கட்டியைத் தரும்படி பெற்றோரிடம் கேட்பது யார், எப்பொழுது, எப்படி? மருத்துவமனையில் ஆயர் பணி செய்கிற எவரும் இதை யோசித்திருக்க வேண்டும்.

கடைசி மணி நேரத்தில் கேட்கக்கூடாது. அவர்கள் நன்கு அறிந்து நம்புகிற ஒருவர், அமைதியான ஒரு நாளில், கணவன் மனைவி இருவரும் இருக்கும்போது கேட்க வேண்டும். இதனால் பிள்ளையின் முகம் சிதையாது, உறவினர் பார்த்து அடக்கம் செய்வதற்குத் தடை வராது என்பதைச் சொல்ல வேண்டும். கொடுப்பதால் சிகிச்சை கூடாது, மறுப்பதால் குறையாது என்பதைத் தெளிவாக்க வேண்டும். வேண்டாம் என்று ஒரு தகப்பன் சொன்னால், அது குறைவான அன்பு அல்ல. அதற்குமேல் ஒரு வார்த்தையும் கேட்காமல், வழக்கம்போல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

எந்த ஆராய்ச்சியும் அந்தப் பிள்ளையின் இன்றைய நாளைவிடப் பெரிதல்ல. தலைவலி தணிவது, விழுங்கக்கூடிய உணவு கிடைப்பது, பயமில்லாமல் தூங்குவது, அம்மா பக்கத்தில் இருப்பது ஆகியவை முதலில் வர வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகே.

முடிவாக

கேரன் ஆம்ஸ்ட்ராங் காலத்தில் இந்தக் கட்டியின் முகம் யாருக்கும் தெரியாது. இன்று அதன் எந்த எழுத்து எந்த இடத்தில் மாறியது என்பதுவரை தெரியும். நடுவில் இருப்பது விஞ்ஞானிகளின் உழைப்பு மட்டும் அல்ல. பலன் தங்களுக்கு இல்லை என்று நன்கு அறிந்தே கொடுத்த தாய் தகப்பன்மாரின் கொடையும் இருக்கிறது. பத்திரிகைகளில் அவர்கள் பெயர் வருவதில்லை. ஆனால் மேலே சொன்ன மருந்துகளின் வரலாற்றில் அவர்களுடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

கொடுக்கிற யாவரும் இதைக் கற்றுக்கொள்ளலாம். நாம் கொடுத்தது எங்கே போய் முளைத்தது என்பது பல சமயம் நமக்குத் தெரியவராது. தெரியாவிட்டாலும் முளைக்கும்.

குடும்பமாகவோ குழுவாகவோ சிந்திக்க:

1. பிள்ளைக்கு ஆபத்து என்று பயாப்சியை விட்டுவிட்டது இரக்கமே. அந்த இரக்கத்தினால் பின்வந்த பிள்ளைகளுக்கு நேர்ந்தது என்ன? நம் வாழ்க்கையில் இப்படி ஏதாவது நடந்ததுண்டா?

2. நோயாளியின் பெற்றோரிடம், "யார் செய்த பாவமோ" என்று ஒருவர் சொல்வதைக் கேட்டால், இந்தப் பாடத்திலிருந்து நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

3. 100க்கு 22 பேருக்குப் பலன் தரும் மருந்தை நற்செய்தியாகச் சொல்லலாமா? பொய்யான நம்பிக்கை கொடுக்காமல், உள்ள நம்பிக்கையையும் பறிக்காமல், அதை எப்படிச் சொல்வீர்கள்?

4. பலனைக் காணமாட்டோம் என்று தெரிந்தும் கொடுத்தவர்கள் உங்கள் குடும்பத்தில் யாராவது உண்டா? அவர்களைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.